உள்ளது உள்ளபடி

ஒப்பந்தத்தின் ஏழாம் பத்தியில்
ஆப்பிரிக்கான்ஸ் சொல் ஒன்று கிடக்கிறது:
ஃபுட்ஸ்டூட்ஸ்.
காலால் எத்தித் தள்ளுவதுதான் அதன் வேராம்,
வக்கீல் ஆபீஸ் புஷ்பவல்லி சொன்னாள்.
இருக்கிறபடியே வாங்கிக்கொள்,
பிறகு என் வாசலுக்கு வராதே.

பதினோரு வருஷம் முன்பு
ரெங்கசாமி அதை எங்கள் பக்கம் தள்ளினார்.
ஸ்டேங்கருக்கு வெளியே மூன்றரை ஏக்கர்,
இரண்டு லிச்சி மரம்,
மஞ்சள் பெயின்ட் இன்னும் காயாத வீடு.
அந்த வாசத்தைப் புதுசின் வாசம் என்று
நானும் சின்னப்பனும் நம்பினோம்.
உம்வோட்டி ஆறு அன்று
மணலில் கிழித்த ஒரு கோடு.
கொக்கு முட்டி நனையாமல் கடந்தது.

வரைபடத்தில் வேறொரு கோடு, புள்ளிபுள்ளியாய்,
எங்கள் வீட்டுக்குள்ளேயே நுழைந்து போயிற்று.
சமையலறை இந்தப் பக்கம்,
படுக்கையறை அந்தப் பக்கம்.
நூறு வருஷத்துக்கு ஒரு தடவை என்றார் சர்வேயர்.
நமக்கு அவ்வளவு ஆயுசா என்று
சின்னப்பன் சிரித்தார்.

நூறு வருஷம்
எட்டாம் வருஷ ஏப்ரலில் முடிந்தது,
ராத்திரி இரண்டே காலுக்கு.
கதவைத் தட்டவில்லை,
கக்கூஸ் குழி வழியாக வந்தது.
டீப் ஃப்ரீசர் மெல்லத் திரும்பி
மாப்பிள்ளை மாதிரி கூடத்துக்குள் மிதந்து வந்தது.
கூரைமேல் நாங்களும் யாரோ ஒருவரின் நாயும்.
விடிந்ததும் சின்னப்பன் பேசிய முதல் வார்த்தை:
"ரெங்கசாமிக்குத் தெரியும்."

இன்சூரன்ஸ்காரன் கேட்டான்,
ஆற்றங்கரை என்று எங்கே எழுதினீர்கள்?
நகராட்சி கேட்டது,
படுக்கையறைக்கு அனுமதியே கிடையாதே,
இல்லாத அறை எப்படி இடியும்?
ரெங்கசாமியைக் கேட்கப் போனோம்.
அவர் மகன் சாம்பல் கரைத்துவிட்டு
அப்போதுதான் வீடு திரும்பியிருந்தான்.

பிறகு நாங்களே சுவர் எழுப்பினோம்.
மறுபடி மஞ்சள்.
சின்னப்பன் கையாலேயே.

போன சனிக்கிழமை நொக்வாண்டா செலே வந்தாள்.
ஆஸ்பத்திரி நர்ஸ்,
இரவு வேலையில் சேர்த்த பணம்.
ஏஜென்ட் பிரேஷன் காற்றைப் புகழ்ந்தான்,
கரும்புக்காட்டுப் பச்சையைப் புகழ்ந்தான்.
அவள் சுவரைப் பார்க்கவே இல்லை.
கீழே கரையோர அத்திமரத்தை அண்ணாந்து பார்த்தாள்.
உச்சிக் கிளையில் நீலச் சிமெண்ட் சாக்கு.
"அதை யார் அங்கே மாட்டியது?"
காற்று என்றான் பிரேஷன்.
சின்னப்பன் தன் செருப்பைப் பார்த்தார்.
நான், டீ குடிக்கிறீர்களா என்றேன்.

படிவத்தில் ஒரு கேள்வி:
வெள்ளம் புகுந்ததுண்டா?
இரண்டு கட்டம். ஆம். இல்லை.
"தெரிந்தே மறைத்தால் அந்தச் சொல்
குடை பிடிக்காது அக்கா" என்றாள் புஷ்பவல்லி.
குடைக்காக மட்டும் இல்லை, புஷ்பா.
இந்த விலைதான் அவருடைய மாத்திரை,
மகள் வீட்டுப் பின்னறைக்கு நாங்கள் தரும் வாடகை.
ஃபுட்ஸ்டூட்ஸை நான் வாய்க்குள்
தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
உள்ளது உள்ளபடி.
கோர்ட்டில் சத்தியம் வாங்குகிறவரும்
இதையேதானே கேட்பார்?

அலமாரியை இழுத்தேன்.
பின்னால் பெயின்ட் அடிக்கவில்லை அவர்.
சேற்றுக்கோடு,
தையல் டேப் வைத்து அளந்தேன்:
ஒன்று நாற்பத்திரண்டு.
கட்டத்துக்குள் அடங்கவில்லை,
ஓரத்தில் எழுதினேன்.

பிரேஷன் போனில் கத்தினான்.
நொக்வாண்டா இன்னும் கூப்பிடவில்லை.
ராத்திரி மணல் லாரிகள்
விளக்கணைத்து ஆற்றில் இறங்குகின்றன,
கரை தினம் ஒரு முழம் நகர்கிறது.
இன்று காலை சின்னப்பன்
ஏணியைத் தூக்கிக்கொண்டு அத்திமரத்துக்குப் போனார்.
சாக்கை எடுக்கத்தான்.
நான் தடுக்கவில்லை,
பிடித்தும் கொடுக்கவில்லை.
கடைசிப் படியில் நின்று கையை நீட்டுகிறார்.
எங்களிடம் உள்ள ஏணி
தண்ணீர் ஏறிய உயரத்துக்கு எட்டவில்லை.